சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும்

சிங்கப்பூர்த் தேக்கா உணவங்காடியில் மேசைக்கு மேசை ஒரு நீரிழிவு நிபுணர் இருக்கிறார். "சோற்றை விட்டுவிடுங்கள், சப்பாத்திக்கு மாறுங்கள்" என்பார் ஒருவர். "வெள்ளைச் சீனிதான் ஆகாது, குலா மெலாக்காவும் கருப்பட்டியும் ஒன்றும் செய்யாது" என்பார் இன்னொருவர். "நான் இனிப்பே தொட்டதில்லை, எனக்கு எப்படி வந்தது?" என்று மூன்றாமவர் கேட்பார். இப்போது புதிதாக இன்னொரு கூட்டமும் சேர்ந்திருக்கிறது. நோய் எதுவும் இல்லாமலே கையில் சர்க்கரை அளக்கும் சென்சார் ஒட்டிக்கொண்டு, இட்லி சாப்பிட்ட அரை மணி நேரத்தில் கைப்பேசியில் கோடு ஏறுவதைப் பார்த்து "ஸ்பைக் ஆகிவிட்டது" என்று பதறுகிறவர்கள் இவர்கள்.

யார் சொல்வதும் முழுப் பொய் இல்லை. ஆனால் எல்லாருடைய கண்ணும் தட்டிலேயே நின்றுவிடுகிறது. சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தான் செய்யும். எவ்வளவு வேகமாக ஏறுகிறது, ஏறியது எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்பதுதான் விஷயம். ஏற்றுவது சாப்பாடு, இறக்குவது உடம்பு. இந்த இரண்டாவது பாதியைப் பற்றிக் காப்பிக்கடையில் யாரும் வாய் திறப்பதில்லை.

## மொத்த ரத்தத்துக்கும் ஒரு தேக்கரண்டி

ரத்தச் சர்க்கரை என்று நாம் சொல்வது குளுக்கோஸ். உடம்பின் அணுக்கள் எரிபொருளாகப் பயன்படுத்தும் எளிய சர்க்கரை அது. சிங்கப்பூரில் அதை லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்று அளக்கிறார்கள். வெறும் வயிற்றில் 5 என்பது ஆரோக்கியமானவர்களிடம் காணும் அளவு. பெரியவர் ஒருவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அதில் இருக்கும் மொத்தக் குளுக்கோஸ் வெறும் நாலரை கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி.

இப்போது மதியச் சாப்பாட்டைப் பாருங்கள். 200 கிராம் சோற்றில் ஏறத்தாழ 55 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. மாவுச்சத்து என்பது ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று இணைந்து நீண்டது. குடலில் அது மறுபடி குளுக்கோஸாக உடைகிறது. ஒரு தேக்கரண்டி இருக்கும் இடத்துக்குள் பன்னிரண்டு தேக்கரண்டி நுழைகிறது. அப்படியும் ஆரோக்கியமான ஒருவருக்கு அளவு 5-இலிருந்து 7 வாக்கில் போய்விட்டு இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது. வந்ததெல்லாம் எங்கே போனது?

மாலை 6 மணிக்கு ஜூரோங் ஈஸ்ட் எம்ஆர்டி நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ரயில் வருகிறது, கூட்டத்தை இறக்கிவிடுகிறது. கார்டைத் தட்டிவிட்டு ஆட்கள் கதவுகள் வழியே வெளியேறுகிறார்கள். நடைமேடையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை ரயில் மட்டும் தீர்மானிப்பதில்லை, கதவுகளும் தீர்மானிக்கின்றன. சாப்பாடு ரயில், குளுக்கோஸ் பயணிகள், ரத்தம் நடைமேடை. வெளியே போகும் கதவுகள் தசையிலும் கல்லீரலிலும் கொழுப்புத் திசுவிலும் இருக்கின்றன. ரயில் வந்ததும் நடைமேடையில் கூட்டம் சேர்வது விபத்து இல்லை, நடைமேடை இருப்பதே அதற்குத்தான். அடுத்த ரயில் வரும்போதும் பழைய கூட்டம் கலையாமல் நின்றால் அதுதான் சிக்கல்.

## வந்து இறங்கும் வேகம்

எல்லாச் சாப்பாடும் ஒரே வேகத்தில் குளுக்கோஸை இறக்கிவிடுவதில்லை. இதை அளக்க 1981-இல் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜென்கின்ஸும் அவரது குழுவினரும் ஒரு அளவுகோலை வெளியிட்டார்கள். அதன் பெயர் கிளைசீமிக் குறியீடு. 50 கிராம் மாவுப்பொருள் (மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்ந்தது) கிடைக்கும் அளவுக்கு ஓர் உணவைக் கொடுத்து, அடுத்த 2 மணி நேரம் ரத்தத்தில் குளுக்கோஸ் எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்க்கிறார்கள். அதைச் சுத்தமான குளுக்கோஸோடு ஒப்பிட்டு மதிப்பெண் தருகிறார்கள். குளுக்கோஸுக்கு 100. மதிப்பெண் 55-ம் அதற்குக் கீழும் என்றால் மெதுவான உணவு. 70-ம் அதற்கு மேலும் என்றால் வேகமானது.

இந்தப் பட்டியலை முதல்முறை பார்க்கிறவர்கள் திகைத்துப் போவார்கள். வெள்ளைச் சீனிக்கு ஏறத்தாழ 65. வெள்ளை ரொட்டிக்கு 70-க்கு மேல். நாக்குக்கு இனிக்கவே இனிக்காத ரொட்டி சீனியை முந்துகிறது! காரணம் எளிது. சீனியில் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ் என்ற வேறொரு சர்க்கரை. ஃபிரக்டோஸ் பெரும்பாலும் கல்லீரலுக்குப் போய்விடுவதால் ரத்தக் குளுக்கோஸை நேரடியாக ஏற்றுவதில்லை. மாவுச்சத்தோ முழுக்க முழுக்கக் குளுக்கோஸ். அதற்காகச் சீனி நல்லது என்று ஆகிவிடாது. ஃபிரக்டோஸ் அளவுக்கு மீறினால் கல்லீரல் அதைக் கொழுப்பாக மாற்றி வைத்துக்கொள்ளும். "இனிப்பே தொட்டதில்லை" என்பவருக்குப் பதில் பாதி இங்கேயே கிடைத்துவிடுகிறது. மீதிப் பாதி கதவுகள் பக்கம் இருக்கிறது.

குலா மெலாக்கா, கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை எல்லாம் பெரும்பாலும் சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். நிறமும் மணமும் வேறு, தாதுச் சத்து துளி கூடுதல். செண்டோலில் ருசிக்காகப் போட்டுக்கொள்ளுங்கள், மருந்து என்று நினைத்துப் போடாதீர்கள்.

அரிசியில்தான் பேச நிறைய இருக்கிறது. அரிசி மாவுச்சத்தில் இரண்டு வகை உண்டு. அமைலோஸ் கிளை இல்லாமல் நீண்டு கிடப்பது. நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால் செரிக்க நேரமாகும். அமைலோபெக்டின் கிளை கிளையாகப் பிரிந்தது. செரிமான நொதிகள் ஒரே நேரத்தில் பல முனைகளில் வெட்ட முடிவதால் சீக்கிரம் கரைந்துவிடும். பாஸ்மதியில் அமைலோஸ் அதிகம், ஆகவே அதன் குறியீடு பொதுவாக ஐம்பதுகளில் நிற்கிறது. தாய்லாந்து மல்லிகை அரிசியில் குறைவு, அதனால் வேகம். இனிப்புப் பலகாரங்களுக்குப் போடும் புலுட் என்ற ஒட்டரிசியில் அமைலோஸ் அநேகமாக இல்லவே இல்லை. "சோறு" என்று ஒரே சொல்லில் எல்லா அரிசியையும் கூண்டில் ஏற்றுவது நியாயம் இல்லை.

சரி, சப்பாத்தி? மூன்று நடுத்தரச் சப்பாத்தியில் இருக்கும் மாவுச்சத்து ஏறத்தாழ ஒரு கிண்ணச் சோற்றுக்குச் சமம். முழுக்கோதுமை மாவில் நார்ச்சத்து கொஞ்சம் கூடுதல் என்பது லாபம்தான். ஆனால் சப்பாத்திக்கு மாறியவர்களுக்குச் சர்க்கரை குறைவதற்கு வேறொரு காரணமும் உண்டு என்று நினைக்கிறேன். சப்பாத்தியை எண்ணிச் சாப்பிடுகிறோம். சோற்றை யாரும் எண்ணுவதில்லை. கரண்டி வந்தால் "போதும்" என்று கை காட்டுவதற்குள் இரண்டு விழுந்துவிடுகிறது.

குறியீட்டுக்கு ஒரு குறையும் இருக்கிறது. அது வேகத்தைச் சொல்லும், அளவைச் சொல்லாது. தர்பூசணியின் குறியீடு சில பட்டியல்களில் 70-ஐத் தாண்டும். ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீர். 50 கிராம் மாவுப்பொருள் கிடைக்க அரைக் கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். ஒரு துண்டு தின்பவர் அஞ்ச வேண்டியதில்லை. கொழுப்பும் வேகத்தைக் குறைக்கும். நெய்யில் முறுகிய பிராட்டாவுக்குக் கோடு மெதுவாக ஏறுவதைப் பார்த்து, பிராட்டா நல்லது, இட்லி கெட்டது என்று முடிவுகட்டும் சென்சார்காரர்கள் உண்டு. கொழுப்பு வயிறு காலியாவதைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். இதயத்துக்குப் போகும் கணக்கு அந்தக் கோட்டில் தெரியாது.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: ரத்தத்தில் எப்போதும் இருப்பது ஒரு தேக்கரண்டிக் குளுக்கோஸ். இனிப்போ இல்லையோ, மாவுச்சத்து எல்லாம் குளுக்கோஸாகத்தான் முடிகிறது. அது வரும் வேகம் உணவின் வகையைப் பொறுத்தது, வரும் கூட்டத்தின் அளவு எவ்வளவு சாப்பிட்டோம் என்பதைப் பொறுத்தது.

## கதவுகளைத் திறப்பது யார்?

வயிற்றுக்குப் பின்னால் கணையம் என்ற உறுப்பு இருக்கிறது. ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறியதும் கணையத்தின் பீட்டா அணுக்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. இன்சுலின் ஒரு ஹார்மோன். அதாவது ரத்தத்தில் கலந்து போய் வேறு உறுப்புகளுக்குச் செய்தி சொல்லும் பொருள். "கதவைத் திற, குளுக்கோஸை உள்ளே எடு" என்பதுதான் அது தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் சொல்லும் செய்தி. 1921-இல் பாண்டிங், பெஸ்ட் என்ற ஆய்வாளர்கள் இன்சுலினைப் பிரித்தெடுத்ததும் அதே டொராண்டோவில்தான்.

சாப்பிட்டபின் குளுக்கோஸில் பெரும் பங்கை வாங்கிக்கொள்ளும் ஆற்றல் தசைக்கு இருக்கிறது. கல்லீரலும் ஒரு பங்கை எடுத்துச் சேமித்து வைக்கிறது. கல்லீரலுக்கு இன்சுலின் சொல்லும் செய்தி கொஞ்சம் வேறு: "உன்னிடம் இருப்பதை வெளியே விடாதே." நாம் தூங்கும்போது மூளைக்கு எரிபொருள் வேண்டும் அல்லவா? அதற்காகக் கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குளுக்கோஸை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். விடியற்காலையில் சுரக்கும் சில ஹார்மோன்கள் அதை இன்னும் முடுக்கிவிடும். "ராத்திரி ஒன்றுமே சாப்பிடவில்லை, காலையில் பார்த்தால் 7.4. மீட்டர் கெட்டுப்போயிருக்குமோ?" என்று பலர் கேட்கிறார்கள். மீட்டரில் கோளாறு இருக்க வேண்டிய அவசியம் இல்லை. கல்லீரல் இன்சுலினின் பேச்சைச் சரியாகக் கேட்காவிட்டால் பட்டினி கிடந்தாலும் காலைச் சர்க்கரை ஏறும்.

இப்படிச் செய்தி சரியாக எடுபடாத நிலைக்கு இன்சுலின் எதிர்ப்பு என்று பெயர். ஜூரோங் ஈஸ்டுக்கே மறுபடி போவோம். கதவுகள் கார்டைப் படிக்கத் தாமதிக்கின்றன என்று வையுங்கள். நிர்வாகம் என்ன செய்யும்? கூடுதல் ஊழியர்களை நிறுத்திக் கூட்டத்தை நகர்த்தும். நடைமேடையைப் பார்க்கிறவருக்கு எல்லாம் வழக்கம்போலத் தெரியும். கணையமும் அதையே செய்கிறது: ஒரு பங்கு இன்சுலின் போதுமான இடத்தில் இரண்டு, மூன்று பங்கு சுரந்து சமாளிக்கிறது. ரத்தச் சர்க்கரை பல ஆண்டுகள் ஒழுங்காகவே இருக்கும். கணையத்தால் ஈடுகொடுக்க முடியாமல் போகும்போதுதான் எண் மேலே போகிறது. "போன வருஷம்வரை நன்றாகத்தானே இருந்தது" என்பவருக்குப் பிரச்சினை போன வருஷம் தொடங்கியதில்லை. நடுத்தர வயதில் பரவலாக வரும் இரண்டாம் வகை நீரிழிவின் கதை பெரும்பாலும் இதுதான். பீட்டா அணுக்களே அழிந்துபோவதால் வரும் முதல் வகை தனி. அதற்கும் சாப்பாட்டுப் பழக்கத்துக்கும் சம்பந்தமில்லை.

நம்மவர்களுக்கு இதில் தனி அக்கறை வேண்டும். 2010-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில் சிங்கப்பூர் இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. மலாய்க்காரர்களில் 16.6, சீனர்களில் 9.7. 2016-இல் அப்போதைய சுகாதார அமைச்சர் கான் கிம் யோங் நீரிழிவுக்கு எதிரான போர் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தது இந்தப் பின்னணியில்தான். மரபணு, வாழ்க்கைமுறை என்று காரணங்கள் பல. அவற்றில் ஒன்று கொழுப்பு சேரும் இடம். தெற்காசியர்களுக்கு எடை பெரிதாக ஏறாமலே வயிற்றுக்குள், உறுப்புகளைச் சுற்றி, கொழுப்பு சேர்ந்துவிடுகிறது. கல்லீரலிலும் தசையிலும் இன்சுலினின் செய்தியைக் கெடுப்பதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. உலக அளவில் உடல் எடைக் குறியீடு (பிஎம்ஐ) 25 வரை சரி என்றால், ஆசியர்களுக்கு 23-இலிருந்தே கவனம் வேண்டும் என்று சிங்கப்பூர் சொல்வதற்கும் இதுவே அடிப்படை. "நான் ஒல்லிதானே" என்கிறவர் தராசை விட்டுவிட்டு இடுப்பை அளந்து பார்க்கலாம்.

இந்தப் பக்கத்தில் நல்ல செய்தி ஒன்றும் இருக்கிறது. தசை சுருங்கி விரியும்போது இன்சுலின் சொல்லாமலே அது குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். கார்டு படிக்காத கதவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு வழி திறந்த மாதிரி. இன்சுலின் எதிர்ப்பு உள்ளவருக்கும் இந்த வழி வேலை செய்கிறது. இரவு சாப்பிட்டவுடன் சோபாவில் சாயாமல் புளோக்கைச் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் ஏற்றம் மட்டுப்படுவதற்குக் காரணம் இதுதான். வயது ஏற ஏறத் தசை கரையும், கதவுகளும் குறையும். அதனால்தான் அறுபதைத் தாண்டியவர்களையும் எடை தூக்கும் பயிற்சி செய்யச் சொல்கிறார்கள்.

## தட்டுக்குத் திரும்பினால்

மேலே சொன்னதை வைத்துப் பார்த்தால் சில வழக்கங்களின் காரணம் தானாகவே விளங்கும்.

முதலில் எதைச் சாப்பிடுகிறோம் என்பது முக்கியம். காய்கறியும் மீனோ பருப்போ முதலில், சோறு கடைசியில் என்று வரிசையை மாற்றினாலே சாப்பாட்டுக்குப் பிந்தைய ஏற்றம் குறைகிறது. சத்துணவு ஆய்வாளர் பேராசிரியர் ஜெயகுமார் ஹென்றியின் குழு சிங்கப்பூரிலேயே இதை ஆராய்ந்திருக்கிறது. நமக்கு இது சுலபம். ரேஸ் கோர்ஸ் ரோடு உணவகத்தில் இலை போட்டதும் கூட்டும் பொரியலும்தான் முதலில் வந்து விழுகின்றன. சோறு வரும்வரை நாம்தான் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறோம்.

அளவுக்குச் சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்லும் தட்டுக் கணக்கே போதும்: பாதித் தட்டு காய்கறி, பழம், கால் தட்டு புரதம், கால் தட்டு முழுத்தானியம். நம் வீட்டுத் தட்டுகளில் முக்கால் பாகம் சோறு என்பதுதான் நடைமுறை.

பானங்கள்தான் மோசம். திரவத்தில் கரைந்த சர்க்கரையைத் தடுத்து நிறுத்த நாரும் இல்லை, மெல்லும் வேலையும் இல்லை, வயிறும் நிறைவதில்லை. பானங்களை ஏ முதல் டி வரை தரம் பிரிக்கும் நியூட்ரி-கிரேட் முத்திரை 2022 டிசம்பர் 30 முதல் அடைக்கப்பட்ட பானங்களுக்கும், ஓராண்டு கழித்து உடனுக்குடன் தயாரித்துத் தரும் பானங்களுக்கும் வந்தது. 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் சி, 10 கிராமைத் தாண்டினால் டி. 250 மில்லிலிட்டர் டி தரப் பானம் என்றால் ஐந்து தேக்கரண்டிக்கு மேல் சர்க்கரை இருக்கலாம் (நிறைவுற்ற கொழுப்பு கூடினாலும் டி வரும்). தே தாரிக்கில் இனிப்பு கண்டென்ஸ்டு மில்க்கிலேயே இருக்கிறது. "சியூ டாய்" என்று சொன்னால் குறையும்; "தே ஓ கோசோங்" என்றால் பாலும் இல்லை, சீனியும் இல்லை. ஒரு வாரம் கசக்கும், அப்புறம் பழகிவிடும்.

பழைய சோறு பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். வடித்த சோறு குளிரும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி மறுபடி இறுகிச் செரிக்க முடியாததாக ஆகிவிடுகிறது என்பது உண்மை. இதற்குச் செரிக்கா மாவுச்சத்து என்று பெயர். ஆனால் அந்தப் பகுதி சிறியது. அதை நம்பி இரண்டு கிண்ணம் சாப்பிட்டால் கிடைத்த லாபம் அங்கேயே போய்விடும். சோற்றைக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். இந்த ஊர் வெக்கையில் வெளியே கிடந்தால் கிருமி சேரும்.

## எந்த எண்ணை நம்புவது?

எண்களைப் பேசும்போது அலகு முக்கியம். ஊரிலிருந்து மாமா "எனக்கு 140" என்றால் பதற வேண்டாம். இந்தியாவில் மில்லிகிராம் கணக்கு. நம் எண்ணை 18-ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வரும். அவருடைய 140 இங்கே 7.8.

வெறும் வயிற்றில் 7.0-ம் அதற்கு மேலும், அல்லது 75 கிராம் குளுக்கோஸ் கரைசல் குடித்த 2 மணி நேரத்தில் 11.1-ம் அதற்கு மேலும் இருந்தால் நீரிழிவு என்று கணிக்கிறார்கள். அறிகுறி இல்லாதவருக்கு மறுபடி ஒருமுறை பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். வெறும் வயிற்றில் 6.1 முதல் 6.9 வரை இருந்தால் நீரிழிவுக்கு முந்தைய நிலை. உடற்பயிற்சிக்கும் எடைக் குறைப்புக்கும் நல்ல பலன் கிடைக்கும் கட்டம் இது.

இன்னொன்று எச்பிஏ1சி. ரத்தச் சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபினில் குளுக்கோஸ் போய் ஒட்டிக்கொள்ளும். சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால், எத்தனை விழுக்காடு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி தெரிந்துவிடும். மருத்துவரைப் பார்ப்பதற்கு முந்தைய மூன்று நாள் மட்டும் பத்தியம் இருப்பவர்களை இது காட்டிக்கொடுத்துவிடும். ரத்தசோகையோ தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயோ உள்ளவர்களுக்கு மட்டும் இந்த எண் தவறாகக் காட்டக்கூடும். முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கையில் ஒட்டும் சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்கடியில் அணுக்களுக்கு இடையே உள்ள திரவத்தை அளக்கிறது. அதனால் ரத்தத்துக்குச் சில நிமிடங்கள் பின்தங்கியே காட்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு அது பெரிய உதவி. நோய் இல்லாதவருக்கு ஒரு சாப்பாட்டுக்குப் பிறகு வரும் ஒற்றை ஏற்றத்தால் எதையும் முடிவு செய்ய முடியாது. இஸ்ரேலின் வைஸ்மன் கழகம் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், 800 பேரைக் கவனித்தபோது ஒரே உணவுக்கு ஆளுக்கு ஆள் மிகவும் வேறுபட்ட ஏற்றம் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கோட்டை வைத்து உங்கள் தட்டை மாற்றாதீர்கள்.

40 வயதைத் தாண்டியவர்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்பது இங்குள்ள பரிந்துரை. பெற்றோருக்கு நீரிழிவு இருந்தால் அதற்கும் முன்பே பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ கேட்டுப் பார்க்கலாம். ஏற்கெனவே இன்சுலினோ, இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று பாதியாகக் குறைப்பதற்கும் கடும் பயிற்சி தொடங்குவதற்கும் முன்னால் மருத்துவரிடம் சொல்லி மருந்தளவைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்குச் சர்க்கரை 4-க்குக் கீழே போனால் நடுக்கமும் வியர்வையும் வரும், மயக்கம்கூட வரலாம். அந்த நேரத்தில் மட்டும் சீனி கலந்த பானம்தான் முதல் மருந்து.